‘இஃப் ஐ வேர்’, ‘இஃப் ஐ வாஸ்’: எழுதும்போது எதைத் தேர்ந்தெடுப்பது?

ஆங்கிலத்தில் மின்னஞ்சலோ விண்ணப்பமோ எழுதும்போது நம்மில் பலர் தயங்கி நின்றுவிடுகிற இடம் இது. ‘நான் உங்கள் இடத்தில் இருந்தால்’ என்று சொல்ல வேண்டும். ‘இஃப் ஐ’ வரை எழுதியாகிவிட்டது. அடுத்து ‘வாஸ்’ போடுவதா, ‘வேர்’ போடுவதா? ‘ஐ’, ‘ஹி’, ‘ஷி’ வந்தால் ‘வாஸ்’ என்று சின்ன வகுப்பில் மனப்பாடம் செய்தோம். மேல் வகுப்புக்கு வந்ததும் ‘இஃப்’ இருந்தால் ‘வேர்’ போடு என்றார்கள். ஏன் என்று பெரும்பாலும் யாரும் சொல்லவில்லை.

அதனால் ஆளுக்கொரு வழி. சிலர் ‘இஃப்’பைக் கண்டாலே ‘வேர்’ போடுகிறார்கள். சிலர், இங்கிலாந்துக்காரர்களே ‘வாஸ்’ என்றுதானே பேசுகிறார்கள் என்று எல்லா இடத்திலும் ‘வாஸ்’ போடுகிறார்கள். இன்னும் சிலர் பொருளைப் பார்த்து, இங்கே இது, அங்கே அது என்று பிரித்து எழுதுகிறார்கள். இந்த வம்பே வேண்டாம் என்று வாக்கியத்தையே மாற்றிவிடுகிறவர்களும் உண்டு. எழுத்தில் பொருளைப் பார்த்துப் பிரிக்கும் வழிதான் சரி என்பது என் முடிவு. பேச்சில் ‘வாஸ்’ போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ‘இஃப்’ வந்தால் ‘வேர்’ என்கிற சூத்திரத்தைத்தான் முழுக்கக் கைவிட வேண்டும் என்கிறேன். இந்த நான்கில் அதிகக் கேடு செய்வது அதுதான். நன்றாகப் படித்தவர்களிடம்தான் அது அதிகம் ஒட்டிக்கொள்கிறது.

முதலில், பிரச்சினை எவ்வளவு சின்ன இடத்துக்குள் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஒன்றை நடந்ததாகச் சொல்லாமல், நினைப்பாக, விருப்பமாக, கற்பனையாகச் சொல்வதற்கென்று தனி வினை வடிவம் இருந்தால் அதை சப்ஜங்டிவ் என்பார்கள். ஸ்பானிஷிலும் இத்தாலியனிலும் அது இன்றும் முழு வினைப் பட்டியலோடு இருக்கிறது. பழைய ஆங்கிலத்திலும் இருந்தது. பிறகு ஆங்கில வினைகளின் விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தபோது, நிபந்தனை வாக்கியத்தில் அதற்கு மிச்சமானது ஒரே வினை: ‘பி’, அதாவது ‘இஸ்’, ‘வாஸ்’, ‘வேர்’ எல்லாவற்றுக்கும் மூலமான வினை. அதிலும் ‘ஐ’, ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’, ஒருமைப் பெயர்கள் ஆகியவற்றுக்கு மட்டும்தான் வேறுபாடு தெரியும். ‘யூ’, ‘வி’, ‘தே’ வந்தால் எப்போதும் ‘வேர்’தான், யோசிக்கவே வேண்டாம். ‘இஃப் ஐ ஹேட் மணி’ என்று எழுதும்போதும் தயக்கம் வராது. இறந்த காலத்துக்கும் கற்பனைக்கும் ‘ஹேட்’ ஒன்றேதான்.

இந்த வடிவத்துக்கு என்ன பெயர் என்பதிலேயே இலக்கணக்காரர்களிடம் ஒற்றுமை இல்லை. ராண்டால்ஃப் க்வெர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் 1985-இல் வெளியிட்ட பெரிய இலக்கணத்தில் அதை ‘வேர்-சப்ஜங்டிவ்’ என்றார்கள். 2002-இல் வந்த கேம்பிரிட்ஜ் இலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் இதை சப்ஜங்டிவ் என்று சொல்லவே மறுத்து ‘இர்ரியாலிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பெயரில் எனக்கு அக்கறை இல்லை. ‘வேர்’ என்ன வேலை செய்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது.

சரி, ‘இஃப்’ வந்தால் ‘வேர்’ என்ற சூத்திரத்துக்கு வருவோம். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருப்பவர் வாடிக்கையாளருக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை பணம் கட்டப்பட்டதா என்று அவருக்குத் தெரியாது. கட்டியிருந்தால் ரசீதை அனுப்பச் சொல்ல வேண்டும். ‘இஃப் தி பேமென்ட் வாஸ் மேட் ஆன் மண்டே, ப்ளீஸ் சென்ட் அஸ் தி ரிசீட்’ என்று எழுதினால் அது நேரான, மரியாதையான கேள்வி. கட்டியிருக்கலாம், கட்டாமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்லுங்கள் என்பதுதான் பொருள். அதே வாக்கியத்தில் ‘வாஸ்’ஸை எடுத்துவிட்டு ‘வேர்’ போட்டால் ஆங்கிலம் தாய்மொழியானவர் புருவத்தைச் சுருக்குவார். ‘வேர்’ வந்தவுடன் இது நடக்காத ஒன்று, சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வது என்ற தொனி வந்துவிடுகிறது. ‘நீங்கள் கட்டவில்லை என்று எனக்குத் தெரியும்’ என்று குத்திக்காட்டுவது போலக்கூட இருக்கும். அதன் பின்னால் ‘ரசீதை அனுப்புங்கள்’ என்று வந்தால் வாக்கியத்தின் தலையும் வாலும் ஒட்டாது. எழுதியவர் மரியாதையைக் கூட்டத்தான் ‘வேர்’ போட்டிருப்பார். போய்ச் சேர்வது வேறு.

இதே தவறு இன்னும் சில இடங்களில் வரும். ‘தயாரா என்று கேட்டேன்’ என்பதை ‘ஐ ஆஸ்க்ட் ஹிம் இஃப் ஹி வேர் ரெடி’ என்று எழுதுவார்கள். இங்கே ‘இஃப்’ நிபந்தனையே இல்லை. அது ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு நிற்கிறது. ‘வாஸ்’தான் வர வேண்டும். இதைக் கண்டுபிடிக்கத் தமிழே நல்ல துணை. தமிழில் சொல்லிப் பார்த்தால் ‘-ஆல்’ வராமல் ‘-ஆ என்று’ வருகிறதா? ‘வந்தானா என்று’, ‘இருக்கிறதா என்று’, ‘சரியா என்று’? அப்படியானால் அங்கே ‘வேர்’ருக்கு வேலை இல்லை. இந்த ஒரு சோதனையிலேயே பாதிப் பிழைகள் போய்விடும்.

பழைய வழக்கத்தைச் சொல்லும் இடம் இன்னொன்று. ‘அப்போதெல்லாம் மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே இருப்போம்.’ ‘இஃப் இட் வாஸ் ரெய்னிங், வி ஸ்டேய்ட் இன்சைட்.’ மழை நிஜமாகவே பெய்தது, பல நாள் பெய்தது. இதில் ‘வேர்’ போட்டால் பெய்த மழையையெல்லாம் கற்பனையாக்கிவிடுகிறோம்.

அடுத்து, எல்லாவற்றுக்கும் ‘வாஸ்’ என்கிற வழி. இதை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமில்லை. கற்பனை நிபந்தனையில் ‘இஃப் ஐ வாஸ்’ என்று எழுதுவது 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கில எழுத்தில் இருக்கிறது. நல்ல எழுத்தாளர்களும் எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அன்றாடப் பேச்சில் இரண்டும் காதில் விழும். 1926-இல் தம் ஆங்கில வழக்கு அகராதியில் ஃபவ்லர், சில குறிப்பிட்ட பயன்பாடுகள் தவிர சப்ஜங்டிவ் சாகும் நிலையில் இருக்கிறது என்றே எழுதினார். ஏறக்குறைய நூறு வருடம் ஆகிவிட்டது. சாகவில்லை. ஆனால் பேச்சில் ‘வாஸ்’ஸும் ஓயவில்லை.

‘வாஸ்’ போட்டாலும் பொருள் பெரும்பாலும் கெடுவதில்லை, அதுதான் இந்தக் கட்சியின் பலம். ‘இஃப் ஐ வாஸ் ரிச், ஐ வுட் பை அ ஹவுஸ்.’ பின்னால் வரும் ‘வுட்’ எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. நான் பணக்காரன் இல்லை என்பது யாருக்கும் புரியும். அப்படியானால் ‘வேர்’ வெறும் அலங்காரம்தானே என்று கேட்கலாம்.

இல்லை. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘இஃப் ஷி வாஸ் அட் தி மீட்டிங், ஷி வுட் நோ.’ நேற்றுக் கூட்டம் நடந்தது. அவர் போனாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. போயிருந்தால் அவருக்கு விஷயம் தெரிந்திருக்கும், அவரையே கேளுங்கள் என்கிறேன். இப்போது ‘வாஸ்’ஸை மட்டும் மாற்றுவோம்: ‘இஃப் ஷி வேர் அட் தி மீட்டிங், ஷி வுட் நோ.’ இப்போது கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது, அவர் அங்கே இல்லை. இருந்தால் தெரியும், இல்லாததால் தெரியாது. முதல் வாக்கியத்தைப் படிப்பவர் அவருக்குப் போன் போடுவார். இரண்டாவதைப் படிப்பவர் போட மாட்டார். பின்பாதி இரண்டிலும் ஒன்றுதான், ‘வுட்’ இரண்டிலும் இருக்கிறது. மாறியது ஒரே ஒரு சொல். எல்லா இடத்திலும் ‘வாஸ்’ என்று வைத்துக்கொண்டவருக்கு இந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லாமல் போகிறது.

தமிழ் பேசுகிற நமக்கு இது காதிலேயே வந்துவிடாததற்குக் காரணம் இருக்கிறது. ‘அவள் கூட்டத்துக்குப் போயிருந்தால் தெரிந்திருக்கும்’ என்று நாம் சொன்னால் அதற்கே இரண்டு பொருள். ‘போயிருந்தால் தெரிந்திருக்கும், கேட்டுப் பார்’ என்றும் முடிக்கலாம். ‘போயிருந்தால் தெரிந்திருக்கும், எங்கே போனாள்?’ என்றும் முடிக்கலாம். வினை வடிவம் மாறவே இல்லை. குரலாலும் அடுத்து வரும் சொல்லாலும் பிரித்துவிடுகிறோம். நிகழ்காலத்திலும் அப்படித்தான். ‘அண்ணன் வீட்டில் இருந்தால் பேசுவேன்’ என்பதில் அண்ணன் இருக்கிறாரா இல்லையா என்று வினை சொல்வதில்லை. இதில் தமிழுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஆங்கிலம் எழுதும்போது நம் காதை நம்பி விட்டுவிட முடியாது, தெரிந்தே முடிவெடுக்க வேண்டும்.

அந்த முடிவை எடுக்க நான் சொல்லும் வழி இது. ‘இஃப்’ பகுதியைத் தமிழில் நினைத்துக்கொண்டு, அதன் பின்னால் ‘ஆனால் அப்படி இல்லை’ என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் ‘வேர்’. ‘எப்படியென்று எனக்குத் தெரியாது’ என்பது பொருந்தினால் ‘வாஸ்’. ‘நான் உங்கள் இடத்தில் இருந்தால்... ஆனால் இல்லை’: ‘வேர்’. ‘பணம் கட்டப்பட்டிருந்தால்... எனக்குத் தெரியாது’: ‘வாஸ்’. ‘முதலாளி மாதிரி பேசுகிறான்... ஆனால் முதலாளி இல்லை’: ‘அஸ் இஃப் ஹி வேர் தி ஓனர்’. இந்தக் கடைசி வகையைக் கவனியுங்கள். இங்கே ‘வுட்’ துணைக்கு வருவதில்லை. ‘அஸ் இஃப்’, ‘ஐ விஷ்’ இரண்டிலும் ‘வேர்’ தனியாக நின்றே பொருளைச் சுமக்கிறது. எழுத்தில் அந்த இடங்களில் அதை விட்டுக்கொடுக்காதீர்கள் என்பேன்.

நேற்று நடந்ததைப் பற்றிய கற்பனை என்றால் ‘வேர்’ போதாது. ‘நேற்று நான் அங்கே இருந்திருந்தால் உதவியிருப்பேன்’ என்பதை ‘இஃப் ஐ வேர் தேர் யெஸ்டர்டே’ என்று எழுதுவது நம்மிடம் அதிகம். ‘இஃப் ஐ ஹேட் பீன் தேர்’ என்றுதான் வர வேண்டும். தமிழில் ‘இருந்திருந்தால்’ என்று இரட்டிக்கிறோம் இல்லையா, அது ஆங்கிலத்தின் ‘ஹேட் பீன்’னோடு ஏறக்குறைய அப்படியே பொருந்தும். தமிழில் ‘இருந்திருந்தால்’ என்று வந்தால் ஆங்கிலத்தில் ‘ஹேட் பீன்’ என்று எடுத்துக்கொள்ளலாம், பெரும்பாலும் தப்பாது.

இடையில் ஒரு வகை இருக்கிறது. நடக்காது என்றும் சொல்ல முடியாது, நடக்கும் என்றும் சொல்லவில்லை. ‘விலையைக் கொஞ்சம் குறைத்தால் நாங்கள் கையெழுத்துப் போடுவோம்.’ இதை ‘இஃப் தி ப்ரைஸ் இஸ் ரெட்யூஸ்ட், வி வில் சைன்’ என்றும் எழுதலாம், ‘இஃப் தி ப்ரைஸ் வேர் ரெட்யூஸ்ட், வி வுட் சைன்’ என்றும் எழுதலாம். முதலாவது நேரடிப் பேரம், வாக்குறுதி மாதிரி. இரண்டாவது, ஒரு பேச்சுக்குக் குறைத்தால் என்று வைத்துக்கொள்வோம் என்கிற தொனி. எதிர்த்தரப்பை நெருக்காது, நம்மையும் கட்டிப்போடாது. பேரம் நடக்கும் கடிதங்களில் இந்த இரண்டாவது வடிவம் எனக்குப் பிடிக்கும். ‘இஃப் ஐ வேர் டு ரிசைன்’ என்று சொல்லும்போதும் இதே தூரம்தான் கிடைக்கிறது. ராஜினாமா செய்யப் போகிறேன் என்று சொல்லாமலே அந்தப் பேச்சை எடுக்கலாம். ‘வேர்’ருக்கு இலக்கண மதிப்பெண்ணைத் தாண்டி ஒரு பயன் இருக்கிறது என்றால் அது இங்கேதான்.

நாலாவது வழி, தப்பித்துப் போவது. ‘இஃப் ஐ வேர் யூ’ என்பதற்குப் பதில் ‘இன் யுவர் ப்ளேஸ், ஐ வுட் வெயிட்’ என்று எழுதிவிடலாம். நல்ல ஆங்கிலம்தான், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ‘இஃப்’பை எடுத்துவிட்டு வினையை முன்னால் கொண்டுவரும் வழியும் உண்டு: ‘வேர் ஐ இன் யுவர் ப்ளேஸ்’, ‘ஹேட் ஐ நோன்’, ‘ஷுட் யூ நீட் ஹெல்ப்’. இவற்றில் ‘ஷுட் யூ நீட்’ அலுவலகக் கடிதங்களில் மிகச் சாதாரணம். ‘ஹேட் ஐ நோன்’ எங்கும் வரும். ‘வேர் ஐ’ மட்டும் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், நீதிமன்ற வாதத்துக்கோ கட்டுரைக்கோ பொருந்தும், நண்பருக்கு எழுதும் செய்தியில் உறுத்தும். ஒன்று மட்டும் நிச்சயம். முன்னால் கொண்டுவந்துவிட்டால் ‘வாஸ் ஐ’ என்று எழுதவே முடியாது. எப்போதும் ‘வாஸ்’ என்கிற கட்சிக்கு அங்கே வழி அடைபட்டுவிடுகிறது. ‘வேர் இட் நாட் ஃபார் ஹெர் ஹெல்ப்’ என்பதிலும் இதே கதைதான். ‘இஃப்’ போட்டு எழுதினால் ‘இஃப் இட் வாஸன்ட் ஃபார்’ என்று சொல்கிறவர்கள் ஏராளம்.

தேர்வு எழுதப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. பள்ளிக்கூடத்தில் பல தலைமுறையாகப் புழங்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தில் கற்பனை நிபந்தனைக்கு ‘வேர்’தான். பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் எஸ்எஸ்சி, வங்கித் தேர்வு மாதிரியான இடங்களில் ‘இஃப் ஐ வாஸ் யூ’ என்று பார்த்தால் அதுதான் பிழை என்று குறியுங்கள். அங்கே நின்று ஆங்கிலேயர் பேச்சு வழக்கை வாதாட முடியாது. எம்பிஏ படிப்பில் சேர எழுதும் ஜிமேட்டிலும் வாக்கியத் திருத்தப் பகுதி இருந்தவரை இந்த வேறுபாட்டைக் கேட்டார்கள். 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் அந்தப் பகுதியே இல்லை. ஐஇஎல்டிஎஸ் வேறு மாதிரி. எழுத்திலும் பேச்சிலும் மதிப்பெண்ணில் கால் பங்கு இலக்கணத்துக்கு. எத்தனை வகை வாக்கியம் வருகிறது, எவ்வளவு பிழையில்லாமல் வருகிறது என்று பார்ப்பார்கள். பேச்சுத் தேர்வில் ஒரு ‘வாஸ்’ வந்துவிட்டதே என்று பதறி, நிறுத்தி, திருத்தி, பேச்சின் ஓட்டத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நேர்முகத் தேர்வைப் பற்றியும் கேட்பார்கள். பேச்சில் ‘வாஸ்’ சரி என்றேன். ஆனால் ‘இஃப் ஐ வேர் யூ’ என்ற தொடர் மட்டும் தனி. அது பழமொழி போல உறைந்துபோன ஒன்று. சாதாரணமாக ‘வாஸ்’ சொல்கிறவர்கள்கூட அதில் ‘வேர்’ சொல்வது வழக்கம். அதை அப்படியே நாக்கில் ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள்.

‘வேர்’, ‘வாஸ்’ என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் பக்கத்திலேயே இருக்கும் பெரிய ஓட்டையைக் கவனிப்பதில்லை என்பது என் மனக்குறை. ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன், ஐ வுட் ஹேவ் கம்.’ ‘இஃப் யூ வில் கம், ஐ வில் வெயிட்.’ நிபந்தனைப் பகுதிக்குள் ‘வுட்’டும் ‘வில்’லும் போடுவது நம் எழுத்தில் சகஜமாகிவிட்டது. ‘இஃப் ஐ வாஸ்’ என்று எழுதினால் இலக்கணம் பார்ப்பவர் மட்டும்தான் கவனிப்பார். ‘இஃப் ஐ வுட் ஹேவ்’ என்று எழுதினால் கடிதத்தைத் திருத்தும் யாரும் கவனிப்பார்கள். ‘இஃப் ஐ ஹேட் நோன்’, ‘இஃப் யூ கம்’ என்பவைதான் சரியான வடிவங்கள். ‘இஃப் யூ வுட் வெயிட் அ மினிட்’ என்று பணிவாகக் கேட்கும்போது மட்டும் ‘வுட்’ உள்ளே வரலாம். அங்கே அது ‘தயவுசெய்து’ என்பதன் வேலையைச் செய்கிறது. நேரம் குறைவாக இருக்கிறது, ஒன்றைத்தான் சரிசெய்ய முடியும் என்றால் முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

சப்ஜங்டிவ்வின் இன்னொரு கிளையும் உண்டு. ‘ஐ சஜஸ்ட் தட் ஹி கோ’ என்று ‘கோஸ்’ இல்லாமல் வருவது. அமெரிக்க எழுத்தில் அது நன்றாகவே உயிரோடு இருக்கிறது, பிரிட்டனில் ‘ஷுட் கோ’ என்பதும் சமமாகப் புழங்கும். வாழ்த்துத் தொடர்களில் மிஞ்சியிருக்கும் ‘லாங் லிவ் தி கிங்’ போன்றவை நம்முடைய ‘வாழ்க’, ‘வருக’ என்னும் வியங்கோளின் உறவுக்காரர்கள். நிபந்தனை வாக்கியத்தில் இவற்றால் குழப்பம் வராது என்பதால் இதோடு விடுகிறேன்.

கடைசியாக, பாடம் நடத்துகிறவர்களுக்கு. ‘இஃப்’ வந்தால் ‘வேர்’ என்று கரும்பலகையில் எழுதிப்போடாதீர்கள். கூட்டத்தைப் பற்றிய அந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதிப்போட்டு, எந்த வாக்கியத்தைப் படித்தால் அவருக்குப் போன் செய்வாய் என்று கேளுங்கள். விடைத்தாள் திருத்தும்போது, கற்பனை நிபந்தனையில் ‘வாஸ்’ வந்திருந்தால் ஓரத்தில் ‘எழுத்தில் வேர்’ என்று குறித்துவிட்டு அரை மதிப்பெண் குறைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ‘ஐ ஆஸ்க்ட் இஃப் ஹி வேர்’ என்று எழுதியவருக்கு முழு மதிப்பெண்ணைக் குறைத்து, எதிரே உட்காரவைத்து, ‘-ஆ என்று’ சோதனையைச் சொல்லிக்கொடுங்கள்.